படம் அவளுடையது, புடவை யாருடையது?

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குத் தங்கச்சி போன் பண்ணினாள். சித்தப்பா மகள். பிள்ளையார்பாளையத்தில் வீடு.

"அண்ணா, என் படத்தையே நான் திருடிட்டேன்னு மெயில் வந்திருக்கு."

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீடுகளில் இப்போது ஒருவராவது போனும் கையுமாக இருப்பார். எங்கள் வீட்டில் அது அவள்தான். சித்தப்பா தறியிலிருந்து இறக்குகிற புடவையை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்துப் போட்டு, வெயில் சாய்கிற நேரத்தில் படம் எடுத்துப் பதிவிடுவாள். கடைக்காரர் வழியாகப் போகாமல் நேராக நாலு புடவை விற்றால் அந்த மாதம் நிமிர்ந்துவிடும். அப்படிப் போட்ட ஒரு படத்தைத்தான் தளம் தூக்கிவிட்டிருந்தது. வெளியூரில் புடவை வாங்கி விற்கிற ஒருவர், அந்தப் படம் தன்னுடையது என்று புகார் கொடுத்திருந்தார். அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். அதே படம், அதே மாடி, அதே வெயில். ஓரத்தில் மட்டும் வெட்டியிருந்தார். எங்களிடம் இருந்த முழுப் படத்தில், புடவையின் முந்தியைப் பிடித்தபடி சித்தப்பாவின் கை இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்கப் பிடித்த கை.

"இன்னும் ரெண்டு தடவை இப்படி வந்தா பேஜையே எடுத்துருவாங்களாம்" என்றாள்.

நான் கம்ப்யூட்டர்காரன். வீட்டில் எந்த ஃபாரம் வந்தாலும் என்னிடம்தான் வரும். மறுநாள் உட்கார்ந்து எதிர் அறிவிப்பை நிரப்பினோம். பெயர், முழு முகவரி, போன் நம்பர் கேட்டது. நீக்கப்பட்டது தவறுதலாகத்தான் என்று நம்புவதாக, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்பதை அறிந்து, உறுதி கூறச் சொன்னது. கடைசியில் ஒரு வரி: வழக்கு வந்தால் அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்கு உட்படச் சம்மதிக்கிறேன். அதைத் தமிழில் சொன்னதும் சித்தப்பா தறிக்குழியிலிருந்து கேட்டார்:

"அமெரிக்காவுல கேஸ் நடந்தா யாருடா போறது?"

யாரும் போக வேண்டியிருக்காது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் உதறல். அனுப்பினோம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. புகார் கொடுத்தவர் வழக்குப் போடவில்லை. படம் திரும்பி வந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அடுத்த மாதம் அதே ஆள் வேறொரு படம் போட்டார். இந்த முறை படம் அவரே எடுத்தது. புடவை விசைத்தறியில் ஓட்டியது. ஆனால் முந்தியில் இருந்த மயில் சித்தப்பாவின் மயில். கழுத்து வளைவு, தோகையில் விட்ட இடைவெளி, கரையோடு அது சேர்கிற விதம் எல்லாம் அப்படியே. விலை பத்தில் ஒரு பங்கு. நாங்கள் மறுபடியும் புகார் ஃபாரத்தைத் திறந்தோம். பதில் ஒரே நாளில் வந்தது. நீங்கள் குறிப்பிடுவது காப்புரிமை மீறல் என்று எங்களுக்குத் தெரியவில்லை, இது தொடர்பாக எங்களால் எதுவும் செய்ய இயலாது.

சித்தப்பா கேட்டார்: "மாடியில நின்னு ஒரு நொடி போட்டோ எடுத்ததுக்கு உரிமை இருக்கு. இருபது நாள் நெஞ்சதுக்கு இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடப் போனேன். அந்த ஃபாரத்தின் கட்டங்கள் 1998-இல் வரைந்தவை. ஆனால் எதற்குக் கட்டம் உண்டு, எதற்கு இல்லை என்பது அதற்கு இருநூறு வருடம் முன்பே முடிவாகத் தொடங்கியிருந்தது. அதுவும் நம்ம ஊர்த் துணியை வைத்து.

*

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவே கோரமண்டல் கரையின் துணிக்கு அலைந்தது. காஞ்சிப் பட்டு இல்லை. கையால் சாயம் தீட்டிய, துவைத்தாலும் நிறம் போகாத பருத்தி. சீட்டித் துணி. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொந்தளித்தார்கள். இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டம் போட்டு, இந்திய அச்சுத் துணியை உள்நாட்டில் விற்க இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அது போதாமல் 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடை செய்தது.

தடை இருந்தாலும் ஆசை போகுமா? துணி வரக் கூடாதென்றால் தொழில்நுட்பம் வரலாமே. இந்தக் கரையில் இருந்த கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், சாயத் தொழில் தெரிந்த உள்ளூர்க் கிறிஸ்தவர்களிடம் கேட்டு, எந்தக் காயை எப்போது அரைப்பது, துணியை எப்படிப் பாலில் நனைப்பது என்று ஒவ்வொரு படியாக எழுதி 1742-இல் பிரான்சுக்கு அனுப்பினார். அந்தக் கடிதம் அச்சாகி, ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. சொல்லிக் கொடுத்தவர்களின் பெயரில் எந்த உரிமையும் எங்கேயும் பதிவாகவில்லை. அப்படி ஒன்று இருக்க முடியும் என்ற எண்ணமே அன்றைக்கு இல்லை.

இங்கிலாந்தில் 1774-இல் தடை தளர்ந்தது. உள்ளூர் அச்சுத் தொழில் அதற்குள் காலூன்றிவிட்டது. உடனே புதுச் சிக்கல். லண்டனில் ஒருவர் காசு செலவழித்து ஓவியர் வைத்துப் புது டிசைன் போட்டால், லங்காஷையரில் அதைப் பார்த்து மலிவாக அடித்துச் சந்தையில் இறக்கிவிடுகிறார்கள். வில்லியம் கில்பர்ன் என்ற டிசைனர் நாடாளுமன்றத்தில் முறையிட்டார். 1787-இல் துணி டிசைனுக்கு முதன்முதலாக அங்கே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. எவ்வளவு நாளைக்கு? இரண்டு மாதம். 1794-இல் அதை மூன்று மாதமாக்கினார்கள்.

கில்பர்னின் புகாரும் என் தங்கச்சியின் புகாரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் காப்பி அடித்தவர்கள்மேல் புகார் கொடுத்தபோது, அந்தத் தொழிலே ஒரு காப்பியில் தொடங்கியது என்பது கணக்கில் வரவில்லை. யார் எப்போது வந்து புகார் கொடுக்கிறார்கள் என்பதிலிருந்துதான் உரிமையின் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது.

*

சித்தப்பாவின் தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். துளை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. ஜக்கார்ட் பெட்டி. என் கல்லூரியில் முதல் வருடம் கணினியின் வரலாறு எடுத்த ஆசிரியர், உலகின் முதல் புரோகிராம் பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறியில் ஓடியது என்று அந்த அட்டையின் படத்தைக் காட்டினார். வகுப்பில் எனக்கு மட்டும் அது வீட்டுச் சாமான்.

ஜோசப் மரி ஜக்கார்ட் அந்தக் கருவியை 1804 வாக்கில் முழுமையாக்கினார். அடுத்த வருடமே நெப்போலியனின் அரசு அதைப் பொதுச் சொத்தாக்கியது. ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், விற்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தொகையும் கொடுத்தார்கள். கருவி எல்லோருக்கும் என்றான பிறகு, போட்டி முழுக்க டிசைனில் வந்து நின்றது. முன்பு ஒரு சிக்கலான பூவைக் காப்பி அடிக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். இப்போது அட்டையைப் பார்த்துத் துளை போட்டால் போதும்.

அதற்கு லியோன் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. 1806 மார்ச் 18-ஆம் தேதிச் சட்டம், முதலாளிகளும் தொழிலாளர்களும் சார்ந்த தகராறுகளைத் தீர்க்க அந்த ஊரிலேயே ஒரு தொழில் மன்றத்தை நிறுவியது. டிசைன் தன்னுடையது என்று பின்னால் உரிமை கோர நினைப்பவர், துணியின் ஒரு மாதிரியை உறையில் போட்டு, முத்திரை வைத்து, அந்த மன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் அல்லது என்றைக்கும் என்று காலத்தை அவரே சொல்லலாம். தகராறு வந்தால் உறையைப் பிரிப்பார்கள்.

இங்கே நடப்பது உள்ளூரில். பார்ப்பவர்களுக்குத் தறி தெரியும். டிசைன் உறைக்குள் இருக்கிறது, ஊர் பார்ப்பதற்கு முன்பே தேதி விழுந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். முதலில் உலகத்துக்கே காட்டிவிட்டு, பிறகு உறையைத் தேடினோம்.

*

இந்தியாவுக்கு டிசைன் சட்டம் 1872-லேயே வந்துவிட்டது. பிறகு 1911, கடைசியாக வடிவமைப்புகள் சட்டம், 2000. நான் வக்கீல் இல்லை. ஆனால் சித்தப்பாவின் மயிலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சட்டங்களைப் படித்ததில் புரிந்ததைச் சொல்கிறேன்.

ஓவியம் வரைந்தால் காப்புரிமை தானாக வந்துவிடும். யாரிடமும் பதிய வேண்டாம். புகைப்படமும் அப்படித்தான், எடுத்த நொடியில் எடுத்தவருக்கு. தங்கச்சி ஜெயித்தது அதனால்தான். ஆனால் அந்த ஓவியம் ஒரு பொருளில் ஏறினால், அதாவது புடவையாக மாறினால், அது வேறு வீட்டுக்குக் குடிபோகிறது. அந்த வீடு வடிவமைப்புகள் சட்டம். அங்கே பதிந்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் உரிமை. கைத்தறியெல்லாம் தொழிற்சாலை ஆகுமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. சட்டம் கையால், இயந்திரத்தால், ரசாயனத்தால் எதனால் செய்தாலும் சேர்த்தி என்றே சொல்கிறது.

பதியவில்லை என்றால்? காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஒரு எண்ணைச் சொல்கிறது. பதிந்திருக்கக் கூடிய டிசைனைப் பதியாமல் விட்டால், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதை 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்ததும் அதன் காப்புரிமை போய்விடும். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மெத்தை நாற்காலித் துணியின் டிசைன்களைப் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில், துணிக்கென்றே வரைந்த ஓவியம் காப்புரிமைக்குள் வராது, டிசைன் சட்டத்துக்குள்தான் வரும் என்று தீர்ப்பளித்தது.

ஐம்பது. ஒரு தறி, ஒரு புடவைக்கு 15 நாள் என்று வைத்தால்கூட 50 புடவைக்கு 750 நாள். வேறு எதையும் தொடாமல் இரண்டு வருடம் அந்த ஒரே மயிலை நெய்ய வேண்டும். எந்த நெசவாளர் வீட்டில் அப்படி நடக்கும்? சித்தப்பா மொத்தம் ஏழு நெய்திருந்தார். காப்பி அடித்தவர் ஆயிரம் ஓட்டினாலும் அது இந்தக் கணக்கில் சேராது. அப்படியென்றால் கிராஃப் தாளில் வரைந்த அந்த மயிலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அது நீதிமன்றத்தில் வாதாட வேண்டியது. ஃபாரத்தைப் படித்து ஒரு நாளில் பதில் போடுகிறவரிடம் இதையெல்லாம் எங்கே சொல்வது? அதோடு அந்த கிராஃப் போட்டவர் சித்தப்பா இல்லை, இரண்டு தெரு தள்ளி இருக்கிற டிசைனர். உரிமை வரைந்தவருக்கா, காசு கொடுத்து வரையச் சொன்னவருக்கா என்பது தனி ஆலமரம்.

சரி, இப்போதாவது பதியலாமா? முடியாது. பதிய வேண்டிய டிசைன் புதிதாக இருக்க வேண்டும். அதற்கு முன் இந்தியாவிலோ வேறெங்குமோ வெளியாகியிருக்கக் கூடாது. மாடியில் எடுத்த அந்தப் படத்தைப் பதிவிட்ட அன்றைக்கே மயில் வெளியாகிவிட்டது. எந்தப் படம் தங்கச்சியைக் காப்பாற்றியதோ, அதே படம் சித்தப்பாவின் கதவைச் சாத்திவிட்டது.

புவிசார் குறியீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் அது கிடைத்தது. ஆனால் அது காப்பது பெயரை. அந்த வெளியூர்க்காரர் தன் விசைத்தறிப் புடவையைக் காஞ்சிபுரம் பட்டு என்று விற்றால் கேட்கலாம். அவர் புத்திசாலி. 'காஞ்சி ஸ்டைல்' என்றுகூடப் போடவில்லை. 'மயில் முந்தி, சாஃப்ட் சில்க்' என்று மட்டும் போட்டிருந்தார்.

*

இனி அந்த ஃபாரம். 1998 அக்டோபரில் அமெரிக்கா டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இணையம் சின்னதாக இருந்த காலம். தளங்களுக்கு ஒரு பேரம் கொடுத்தார்கள்: உங்கள் பயனர் செய்கிற மீறலுக்கு உங்கள்மேல் வழக்கு வராது, ஆனால் புகார் வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்கப்பட்டவர் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். கொடுத்தால், புகார்தாரர் வழக்குத் தொடராத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் திரும்பப் போட வேண்டும். நாங்கள் காத்திருந்த இரண்டு வாரக் கணக்கு அங்கிருந்து வந்தது. உலகத்தின் பெரிய தளங்கள் அமெரிக்காவில் இருப்பதால், பிள்ளையார்பாளையத்துக்கும் அதே கட்டங்கள்.

எழுத்தில் பார்த்தால் சமமான ஏற்பாடு. நடைமுறையில் இல்லை. புகார் கொடுத்தவுடன் காரியம் நடந்துவிடுகிறது. பதில் சொல்பவர்தான் முகவரி கொடுத்து, அயல்நாட்டு நீதிமன்றத்துக்குச் சம்மதம் சொல்லி, காத்திருக்க வேண்டும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் நஷ்ட ஈடு உண்டு என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கக் கிளம்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஸ்டெஃபனி லென்ஸ் என்ற தாய், தன் குழந்தை பிரின்ஸின் பாட்டுக்கு ஆடுகிற 29 நொடி வீடியோவை 2007-இல் யூடியூபில் போட்டார். யூனிவர்சல் மியூசிக் அதை நீக்கச் சொன்னது. அவர் வழக்குத் தொடுத்தார். நியாயமான பயன்பாடா என்று யோசிக்காமல் புகார் கொடுக்கக் கூடாது என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்கு சமரசத்தில் முடிந்தது 2018-இல். குழந்தை அதற்குள் பள்ளிக்கூடம் போய்ப் பெரியவனாகியிருப்பான்.

நம் ஊர் இந்த விஷயத்தில் வேறு பாதையில் வந்தது. 2012-இல் '3' படம் வெளியானபோது, அதன் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத ஆட்களுக்கு எதிராக ஒரு தடை வாங்கினார். அதைக் காட்டியதும் இணைய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுசாக முடக்கின. அந்தப் படத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர்களின் வீடியோக்களும் போயின. அந்தப் படத்தின் 'கொலவெறி' பாட்டு உலகம் சுற்றியது, ஊரில் இருப்பவரெல்லாம் அதை மாற்றிப் பாடிப் பகிர்ந்ததால்தான் என்பது வேறு விஷயம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, ஜூன் மாதத்தில், மீறல் இருக்கிற குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்கலாம் என்று நீதிமன்றம் தன் ஆணையைச் சுருக்கியது.

அதே ஜூனில் திருத்திய காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படியும் அடுத்த வருடம் வந்த விதிகளின்படியும், எழுத்துமூலப் புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை நிறுத்த வேண்டும். அதன் பிறகு 21 நாளைக்குள் புகார்தாரர் நீதிமன்ற ஆணை கொண்டுவர வேண்டும். வராவிட்டால் தளம் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஓடவேண்டிய வேலை புகார் கொடுத்தவருடையது. இதோடு 60-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு: ஆதாரம் இல்லாமல் காப்புரிமை வழக்கு மிரட்டல் விடுகிறவர்மேல், மிரட்டப்பட்டவரே வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்கலாம். இது எனக்கு அன்று ராத்திரி தெரிந்திருந்தால் சித்தப்பாவிடம் கொஞ்சம் தைரியமாகப் பேசியிருப்பேன்.

*

இதையெல்லாம் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இந்தத் தெருவுல காப்பி அடிக்காதவன் யாருடா? எங்க அப்பா கோயில் தூணைப் பார்த்துட்டு வந்து யாளி போட்டார். எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு அவரும் போட்டார். நாங்க அவர் போட்ட ருத்ராட்சக் கரையை எடுத்துக்கிட்டோம்."

மயில்கண், வைரஊசி, பாலும் பழமும். எதற்கும் உரிமையாளர் கிடையாது. யாராவது ஒருவர் இவற்றைப் பூட்டி வைத்திருந்தால் காஞ்சிபுரம் என்று ஒரு பட்டே இருந்திருக்காது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டுக்காரர் காப்பி அடித்தாலும் அதே இருபது நாள் நெய்ய வேண்டும். அதே விலைக்குத்தான் விற்க முடியும். கல்யாணத்தில் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டுப்பாடுகள்தான் அந்தத் தெருவின் காப்புரிமைச் சட்டம். விசைத்தறிக்காரருக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. கரை வைத்த புடவையைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி ஒரு தளத்தில் புகார் கொடுக்கக் கட்டம் இல்லை.

இப்போது தறியில் ஒரு புது முந்தி ஏறியிருக்கிறது. அன்னப்பட்சிதான், ஆனால் இரண்டு பறவைகளுக்கு நடுவில் சித்தப்பா ஏதோ செய்திருக்கிறார். தங்கச்சி இன்னும் படம் போடவில்லை. முதலில் பதியலாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் ஓர் இடத்தில், இந்த டிசைனில் புதுமை எது என்று எழுத வேண்டும். போன வாரம் அதை அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னம் என்னோடது இல்ல. கோர்வை என்னோடது இல்ல. கலர் உங்க சித்தி சொன்னது" என்றார். அப்புறம் முந்தியை இழுத்து, இரண்டு பறவைக்கும் நடுவில் இருந்த வெற்று இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க வழக்கமா ஒரு பூ போடுவாங்க. நான் போடல. அதை எப்படி எழுதுறது?"

இன்னும் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறோம்.